நாலு மணிக்கு ஒரு நிமிஷம்

கோடை லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்த மறுவாரம், பாமாயில் வந்திருக்குன்னு ஊரே ரேஷன் கடை வரிசையில நின்ன ஒரு செவ்வாக்கிழமை, சாயங்காலம் சரியா நாலு மணிக்கு, மாதா கோவில் பக்கமிருந்து ஒரு சிவப்பு சைக்கிள் ஓட்ட ஆள் இல்லாம உருண்டு வந்து, மீன் விக்கிற கித்தேரியம்மா தரையில வச்சிருந்த பையை இடிக்காம வளைஞ்சு, எங்க கடை வாசல்ல தானே ஸ்டாண்டு போட்டு நின்னுச்சு. அதோட ஓரமெல்லாம் மையால இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. சைக்கிள் மணி ரெண்டு தடவ அடிச்சுது. ஒரு நிமிஷம் ஆனதும் சைக்கிள் அங்க இல்ல. வரிசையில நின்ன அம்பது பேரும் பாத்தாங்க, ஆனா அந்தச் சந்தடியில ரெண்டு பேர் வரிசையில முந்திட்டாங்கன்னு ஒரு சண்டை வந்துச்சா, அந்தச் சண்டையில எல்லாரும் சைக்கிளை மறந்துட்டாங்க. கைரேகை மெஷின் முன்னால உக்காந்திருந்த பெர்னதெத் மட்டும் எழுந்து நின்னு, ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு, "சூசையண்ணே, இது என் படம்லா"ன்னா.

நான்தான் சூசை. அந்தக் கடையில எடை போடுறவன். இருபத்திரெண்டு வருஷமா அரிசி அள்ளி அள்ளி வலது தோள் எறங்கிப் போச்சு, நாக்கு மட்டும் எறங்கலன்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. பெர்னதெத் விற்பனையாளர், உத்தியோகத்துல எனக்கு மேல, ஆனா வயசுல சின்னவ. அதனால எனக்கு அவ தங்கச்சி, அவளுக்கு நான் அண்ணன்.

அவ படம்னா அவ எடுத்த படம் இல்ல. அவ அப்பா பழைய துறைமுகத்துல சரக்குத் தூக்குற விஞ்ச் ஓட்டுனவர். ஜப்பான் கப்பல் ஒண்ணுல காய்ச்சல்னு கெடந்த ஒரு மாலுமிக்கு அவர் நாலு நாள் வீட்டுலேர்ந்து கஞ்சியும் துவையலும் கொண்டுபோய்க் குடுத்திருக்கார், அந்த ஆள் ஊரு போகையில நன்றி சொல்லத் தெரியாம ஒரு வீடியோ கேசட்டை அவர் கையில திணிச்சுட்டுப் போயிருக்கான். முழுக்க முழுக்கக் கையால வரைஞ்ச படம். ஒரு துறைமுக ஊரு, ஒருநாள் காலையில கடல் அந்த ஊரை விட்டுட்டுப் போயிருது, கப்பலெல்லாம் சேத்துல சாஞ்சு கெடக்கு, பன்னெண்டு வயசுப் பொண்ணு ஒருத்தி கடலைத் தேடிக் காஞ்ச கடலடியில நடக்க ஆரம்பிக்கா. அவ்வளவுதான் கதை. ஆனா அதுல வர்ற மழையையும் சேத்தையும் காத்தையும் அதுக்கு முன்னால உலகத்துல ஒருத்தரும் அப்படி வரைஞ்சதில்லையாம், அந்தப் படம் வந்தப்புறம்தான் பெரிய ஆளுங்களும் பொம்மைப் படத்தைப் பாத்து அழலாம்னு ஆச்சாம். இதெல்லாம் பெர்னதெத் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ சொல்லாத நாள் கிடையாது.

பதினொரு வயசுல பாக்க ஆரம்பிச்சவ, நாப்பத்தி நாலு வயசு வரைக்கும் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தா அந்தப் படம்தான். ஒரு வாரம் விட்டதில்ல. வீடியோ டெக் ரிப்பேரானா மதுரை வரைக்கும் தூக்கிக்கிட்டுப் போவா. ஜப்பான் பாஷை ஒரு எழுத்து தெரியாது, அதனால அதுல வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் அவளே தமிழ்ல வசனம் வச்சிருந்தா, அந்தக் கப்பல் கேப்டன் நம்ம ஊரு சங்கு குளிக்கிறவன் மாதிரி வைவான். கல்யாணத்தன்னிக்குக் காலையில அதைப் பாத்துட்டுத்தான் முக்காடு போட்டா. மக ரெனிஷா பொறக்கையில வலி எடுத்தப்பக்கூட "இந்த சீன் முடியட்டும்"னு சொன்னவ அவ. நாங்க சும்மா விடுவோமா, ஜப்பான்காரின்னு பேரு வச்சுட்டோம்.

ரெண்டாம் நாள் நாலு மணிக்குக் கோடு கோடா மழை பெய்ஞ்சுது, யாரும் நனையல. மூணாம் நாள் ஒரு பூனை தண்ணித்தொட்டி மேல நடந்து போச்சு, அதுக்கு எட்டு மீசை, எட்டும் தனித்தனியா ஆடிச்சு. ஒரு வாரத்துல ஊருக்குப் பிடிபட்டுச்சு: தினமும் நாலு மணிக்கு, படத்துல ஒரு நிமிஷம், ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா, எங்க தெருவுல நடக்குது. ஏன்னு யாரும் பெருசா கேட்டுக்கல. சாமியார்கிட்ட கேட்டாங்க, அவரு பிஷப்கிட்ட கேக்குறேன்னாரு, பிஷப் கேட்டுச் சொல்றேன்னாரு, அதோட விட்டாச்சு. கேக்க வேண்டிய கேள்வி நாளைக்கு என்ன வரும்ங்கிறதுதானே. அது பெர்னதெத்துக்குத் தெரியும். கடை வாசல்ல இருப்பு எழுதுற கரும்பலகையில நான் தினமும் எழுதிப் போட்டேன்: அரிசி உண்டு, சீனி இல்லை, நாளை நாலு மணிக்குக் காத்து, ஒரு கிழவர், நாப்பது புறா.

அப்புறம் அது ரயில் வர்ற மாதிரி ஆயிருச்சு. பள்ளிக்கூடத்துல கடைசி மணியை நாலே காலுக்குத் தள்ளி வச்சாங்க. திருநெல்வேலி பஸ் முக்குல வந்து ஒரு நிமிஷம் இஞ்சினை அணைச்சுட்டு நிக்கும். நகராட்சியிலேர்ந்து ஒரு நோட்டீஸ் ஒட்டுனாங்க, மேற்படி நிகழ்வின்போது மாடுகளை அவிழ்த்து விட வேண்டாம்னு. போன்ல படம் பிடிச்சா வெறும் தெருதான் விழும், அதனால வெளியூர்க்காரன் ஒருத்தனும் நம்பல, எங்களுக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. இருபத்தி மூணாம் நாள் மீன் கூடையோட குறுக்க வந்த கித்தேரியம்மா அந்த நிமிஷத்துக்குள்ள மாட்டிக்கிட்டா. அம்பத்தெட்டு வயசு, ஊரே நடுங்குற வாய், ஒரு நிமிஷம் முழுக்க அவளுக்குக் கறுப்புக் கோடும், துளியூண்டு மூக்கும், முட்டை முட்டையா ரெண்டு கண்ணும். வெளிய வந்து கண்ணாடியைப் பாத்துட்டு, "ச்சே, போயிருச்சே"ன்னா. மறுநாளிலேர்ந்து பவுடர் போட்டுக்கிட்டு நாலு மணிக்கு வந்து நிக்க ஆரம்பிச்சா.

முப்பத்தி ஒண்ணாம் நாள் கடல் போச்சு. முன்னாலயே பலகையில எழுதிப் போட்டிருந்தேன். சத்தமே இல்லாம, விரிச்ச பாயைச் சுருட்டுற மாதிரி, கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் சேறும் பாறையும். ஒரு நிமிஷத்துல திரும்ப வந்து, படகெல்லாம் எங்க இருந்துச்சோ அங்கயே மெதந்துச்சு. அடுத்த நாளிலேர்ந்து எங்க ஆளுங்க கூடையும் சாக்குமா ஓடுனாங்க. அந்த ஒரு நிமிஷத்துல அவனவன் தாத்தா காலத்துல அறுந்து போன நங்கூரத்தை எடுக்கிறதும், சங்கு பொறுக்கிறதும், தொலைஞ்ச வலையை உருவுறதும். மீன்வளத் துறையிலேர்ந்து ஒரு ஆபீசர் வந்து தடைன்னு சொல்லிட்டு, அவரே நாலு சங்கை ஜீப்புல போட்டுக்கிட்டுப் போனார். பெர்னதெத்துக்குத்தான் கோபம். "படத்துக்குள்ள யாரும் கூடையோட ஓட மாட்டாங்க, கெடுக்காதீங்க, பாத்துக்கிட்டு நில்லுங்க"ன்னு கரையில நின்னு கத்துவா. யாரு கேட்டா.

நாப்பதாம் நாள்தான் என் நிம்மதி போச்சு. அதுவரைக்கும் அந்தப் படத்துப் பொண்ணு கோடு போட்ட உருவமா தெருவுல வருவா, போவா. நாப்பதாம் நிமிஷத்துல அவ முதல் தடவையா கடலடியில கால் வைக்கணும். நாலு மணி ஆச்சு. கால் வச்சது அவ இல்ல. பெர்னதெத் மக ரெனிஷா. ஏழாங்கிளாஸ்ல கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தவ பெஞ்சுலேர்ந்து மறைஞ்சு, அதே யூனிபார்ம்ல, கட்டை முடியும் பெரிய கண்ணும் கறுப்புக் கோடுமா சேத்துல நடந்து போனா. நிமிஷம் முடிஞ்சதும் திரும்பப் பெஞ்சுல இருந்தா, கணுக்கால் வரைக்கும் சேறு. வகுப்பை அசிங்கம் பண்ணிட்டேன்னு டீச்சர் வஞ்சிருக்காங்க. "கால் தானா நடக்கு மாமா, நான் உள்ளுக்குள்ள உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன்"னு ரெனிஷா எங்கிட்ட சொன்னா. அன்னிக்கு பெர்னதெத் முகத்துல இருந்தது பயம் இல்ல, பெருமை. முப்பத்தி மூணு வருஷமா அவ காதலிச்ச படத்துல அவ பெத்த பிள்ள. மகளுக்கு மிட்டாய் வாங்கிக் குடுத்தா. கண்ணால பாத்ததை நான் மறைக்க மாட்டேன்.

அதுக்கப்புறம் தினமும் ரெனிஷாதான் நடந்தா, தினமும் கொஞ்சம் தள்ளிப் போனா. எழுபதாம் நாள் கரையிலேர்ந்து அவ விரல் உசரம்தான் தெரிஞ்சா. எண்பதாம் நாள் தெரியவே இல்ல, கேபிள் டிவி நடத்துற அல்போன்ஸ் வீட்டு மொட்டை மாடியில ஏறி பைனாகுலர்ல பாத்தோம். வரிசையில நிக்கிற பொம்பளைங்க விரலை மெஷின்ல வைக்கிறதுக்கு முன்னால கேட்டாங்க: "பெர்னதெத்து, கடைசியில என்ன ஆவும்?" அவ மெஷினைப் பாத்துக்கிட்டே, "நல்லாத்தான் முடியும், விரலை அழுத்தி வைங்க"ன்னு சொல்லுவா. ஆனா ஏற்கெனவே வச்ச விரலையே திரும்ப வைக்கச் சொன்னா. எடை போடுறவனுக்கு எதுவும் ஆடுனா தெரியும்.

தொண்ணூத்தி எட்டாம் நாள் மத்தியானம், கோதுமை மூட்டைக்குப் பின்னால என்னைக் கூப்பிட்டுப் போயி சொன்னா.

"அண்ணே, எனக்கு முடிவு தெரியாது."

"என்ன பிள்ள சொல்லுத?"

"கேசட் வந்த அதே வருஷம் எனக்குப் புதுநன்மை. வீடியோக்காரன் எங்கம்மாட்ட, பழைய கேசட் இருந்தாக் குடுங்க, அதுலயே எடுத்துருவோம்னு கேட்டிருக்கான். அம்மா இதைத் தூக்கிக் குடுத்துட்டா. முதல் தடவ பாக்கையில நான் பாதியில நிறுத்தி வச்சிருந்த இடத்துலேர்ந்து அவன் எடுத்துட்டான். அந்தப் பொண்ணு கடல் முன்னால போய் நிக்கா, கடல் செவுரு மாதிரி நிமிந்து நிக்கி, அவ திரும்பி வாயைத் திறக்கா, அவ்வளவுதான். அதுக்கு மேல வெள்ளைக் கவுன் போட்டு முதல் நற்கருணை வாங்க நான் நாக்கை நீட்டிக்கிட்டு நிக்கேன்."

"முப்பது வருஷத்துல வேற எங்கயும் கிடைக்கலையா உனக்கு?"

"கிடைச்சிருக்கும். நான் தேடல." தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "முடிவைப் பாத்துட்டா அப்புறம் என்னண்ணே இருக்கு? பாக்காத வரைக்கும் அவ நடந்துக்கிட்டே இருப்பால்லா. எனக்கு அது போதும்னு இருந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்துல, உன் கிறுக்குக்குப் பிள்ளைய அடகு வச்சிட்டியேன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவ கோதுமை மூட்டையில முகத்தைப் புதைச்சுக்கிட்டா. வெளிய வரிசையில சத்தம் போட ஆரம்பிச்சிட்டாங்க.

கேபிள் அல்போன்ஸ்கிட்ட ஓடுனேன். அவன் ரெண்டு நாள் விடாம போன் பண்ணி, சென்னையில அவன் கூட்டாளிக்குத் தெரிஞ்ச ஒரு ஆள்கிட்ட அந்தப் படத்தோட டிஸ்க் இருக்குன்னு கண்டுபிடிச்சு, ஒரே நாள் இரவல்னு பஸ் பார்சல்ல வரவழைச்சான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பங்கு மண்டபத்து ஜன்னலையெல்லாம் தார்ப்பாயால மூடி, கரண்டு இல்லாததால ஜெனரேட்டர் வச்சு, சுவத்துல வேட்டியைக் கட்டிப் படத்தைப் போட்டோம். டிஸ்க் ஓட்டுற மெஷின் என் கையில. ஊரே வந்துச்சு. பெர்னதெத் வரல. "நீங்க பாத்து வந்து சொல்லுங்கண்ணே, எனக்குத் தைரியம் இல்ல"ன்னுட்டு மகளைக் கூட்டிக்கிட்டு வீட்டைப் பூட்டிக்கிட்டா.

முதல் நூறு நிமிஷமும் ஏற்கெனவே தெருவுல பாத்ததுதான். இதோ நம்ம சைக்கிள், இதோ நம்ம பூனைன்னு கூச்சல். கடைசிக்கு வந்ததும் மூச்சுச் சத்தம் நின்னுருச்சு. அந்தப் பொண்ணு கடல் செவுத்துல கையை வச்சா. திரும்பி ஒரு வார்த்தை சொன்னா, எங்களுக்குப் புரியல. உள்ள போயிட்டா. உடனே கடல் கெளம்பி ஊரைப் பாத்து ஓடி வருது, கப்பலெல்லாம் நிமிந்து எந்திரிக்கி, சனங்க தெருவுல ஆடுறாங்க. அந்தக் கூட்டத்துல ஒவ்வொரு முகமா தேடுனோம். அவ இல்ல. திரை கறுப்பாச்சு, வெள்ளை எழுத்து கீழேர்ந்து மேல போக ஆரம்பிச்சுது. பேரு போட்டாச்சு, படம் முடிஞ்சுது. "பிள்ளைய முழுங்கிட்டே பாவி"ன்னு கித்தேரியம்மா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு எழுந்தா, எல்லாரும் எழுந்தாங்க, நாற்காலியை மடக்குற சத்தம், டீசல் வேற எரியுது, நான் மெஷினை அணைச்சேன். அன்னிக்குச் சாயங்கால பஸ்லயே அல்போன்ஸ் டிஸ்கைத் திருப்பி அனுப்பிட்டான்.

மறுநாள் காலையில ஷட்டரைப் பாதி தூக்குன நெலமையிலயே சொன்னேன். சுத்தி வளைக்கல. உள்ள போனவ திரும்பி வரல தாயின்னேன். அவ அழுவான்னு பாத்தேன். அழல.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பேரு போட்டுட்டான்."

"பேரு ஓடி முடிஞ்சப்புறம்?"

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. "அணைச்சிட்டேன்"னேன்.

"அணைச்சிட்டீங்களா?"

"எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க பிள்ள. பேருதானே. பேரை யாரு உக்காந்து பாக்கா?"

"நான் முப்பத்தி மூணு வருஷம் பாக்காம வச்சிருந்தேன். நீங்க பாத்தும் பாக்காம வந்திருக்கீங்க"ன்னா. கத்தல. கத்தியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். அல்போன்ஸ் சென்னைக்குப் போன் போட்டான், டிஸ்குக்காரன் வெளிநாடு போயிட்டான்னு பதில். போன்ல தேடுனா அந்தப் படத்தோட போஸ்டரும் பத்து விநாடித் துண்டும்தான் வந்துச்சு. பேரு முடிஞ்சப்புறம் ஏதாவது இருக்கா இல்லையான்னு சொல்ல எங்க ஊருல ஒரு ஆள் இல்ல.

அந்தப் பொண்ணு கடலுக்குள்ள போற நிமிஷத்துக்கு இன்னும் ஏழு நாள் இருந்துச்சு. நாங்க சும்மா இருக்கல. ரெனிஷாவை மதுரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். நாலு மணிக்கு நான் பிடிச்சிருந்த கை காத்தாப் போச்சு, ஒரு நிமிஷம் கழிச்சு அதே சீட்டுல சேத்தோட இருந்தா. சாமியார் பீடத்துக்குப் பக்கத்துல உக்கார வச்சு ஜெபமாலை சொன்னார். அதுவும் ஆகல. குவைத்துலேர்ந்து பெர்னதெத் புருஷன் போன்ல அழுதான், உன் படம் உன் படம்னு சொன்னியே, இப்பப் பாருன்னு. ரெனிஷாதான் பெரிய மனுஷி மாதிரி, "எனக்கு நீச்சல் தெரியும்லாம்மா"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. தெரியாது அவளுக்கு.

நூத்திப் பன்னெண்டாம் நாள் பெர்னதெத் தன் சேலை முந்தானையை மக இடுப்போட மூணு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கிட்டு கடக்கரையில நின்னா. நாலு மணி. முடிச்சு அவிழல, ஆனா முடிச்சுக்குள்ள ஆள் இல்ல. கடல் அன்னிக்குத் தூரத்துல இல்ல, பக்கத்துலயே, மாதா கோவில் கோபுர உசரத்துக்கு, பச்சைச் செவுரா நின்னுச்சு. அது முன்னால அந்தச் சின்ன உருவம். பெர்னதெத் ஓடுனா, நானும் ஓடுனேன், சேத்துல கால் புதையுது. ரெனிஷா திரும்பிப் பாத்து, அம்மாவை நேராப் பாத்து, அந்தப் புரியாத வார்த்தையைச் சொல்லிட்டு உள்ள போயிட்டா. நிமிஷம் முடிஞ்சுது. கடல் எப்பவும் போல கெடந்துச்சு, நாங்க முழங்கால் தண்ணியில நின்னோம். பள்ளிக்கூடத்துல பாத்தோம், வீட்டுல பாத்தோம், பஸ் ஸ்டாண்டுல பாத்தோம். எங்கயும் இல்ல. ஸ்டேஷன்ல காணாமல் போன இடம்னு ஒரு கட்டம், அதுல என்னம்மா எழுதன்னு ஏட்டய்யா பேனாவைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டார், பாவம், அவரும் தினமும் வந்து பாக்குற ஆளுதான்.

மறுநாள் நாலு மணிக்குக் கோடு போட்ட சனங்க எங்க தெருவுல ஆடிப் பாடிக் கொண்டாடுனாங்க. எங்க ஆளுங்க ஒருத்தரும் வெளிய வரல. கித்தேரியம்மா மட்டும் வாசல்ல நின்னு அந்த நிமிஷம் முழுக்க அவங்களை வஞ்சுக்கிட்டு இருந்தா.

நூத்திப் பதினாலாம் நாள் பேரு ஆரம்பிச்சுது. கடல்லேர்ந்து வெள்ளை எழுத்து ஒவ்வொண்ணா எந்திரிச்சு, ஒவ்வொண்ணும் ஒரு வள்ளம் உசரம், மெதுவா கரை ஏறி, வலைக்கூடத்தைத் தாண்டி, ஓட்டு வீட்டைத் தாண்டி, வானத்துக்குப் போச்சு. கரையில நின்னவங்க பாத்தாங்க, பெருமூச்சு விட்டாங்க, கெளம்பிட்டாங்க. பெர்னதெத் மணல்ல உக்காந்தா. துக்கமணி அடிக்கலாமான்னு கேக்க சாமியார் வந்தார், வீட்டுல பந்தல் போடலாமான்னு கேக்க அவ அண்ணிமார் வந்தாங்க.

"எழுத்து ஓடுதுல்லா சாமி? அப்ப படம் ஓடுதுன்னுதானே அர்த்தம்?"

"அது வரைஞ்சவங்க பேரும்மா."

"தெரியும் சாமி. பாத்துக்கிடுதேன்."

நான் வீட்டுக்குப் போனேன். சோறு எறங்கல. நான் அணைச்ச இடம் எது, அதுக்கப்புறம் எத்தனை நிமிஷம் இருந்துச்சு, அந்த மெஷின்ல நம்பர் ஓடிச்சே, ஏன் பாக்கலன்னு என்னையே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. என் வீட்டுக்காரி சொன்னா, எந்திரிச்சு வந்தது நீங்கதானே, போய் உக்காருங்கன்னு. மறுநாள் கடையை மூணரைக்கே சாத்திட்டு, பெர்னதெத் பக்கத்துல போய் உக்காந்தேன். அவ என்னைத் திரும்பிப் பாக்கல.

நாலு மணிக்கு எழுத்து வந்துச்சு. அவ எழுந்து, தலைக்கு மேல போற ஒவ்வொரு பேரையும் எட்டித் தொட்டா. முப்பத்தி மூணு வருஷம் பாத்த படம், அதை யாரு வரைஞ்சான்னு ஒரு பேரு தெரியாம இருந்தவ. "இவுகதான் மழையை வரைஞ்சிருப்பாக. இவுக அந்தப் பூனையை. ஐயா, நல்லா இருங்க"ன்னு சொல்லுவா, அடுத்த பேரு வந்ததும் குரல் மாறும், "எம்பிள்ளைய எங்கய்யா வச்சிருக்கீங்க? சொல்லுங்கய்யா, இன்னும் எவ்வளவு இருக்கு?"ன்னு கேப்பா. அந்த ஒரு நிமிஷம் முழுக்க மாத்தி மாத்தி கும்புடுறதும் கேக்குறதுமா இருந்தா. எனக்குத் தாங்கல, மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதேன்.

மூணாம் நாள் கித்தேரியம்மா பவுடர் இல்லாம வந்து உக்காந்தா. அப்புறம் அல்போன்ஸ். அப்புறம் சாமியார் ஒரு நாற்காலியோட வந்தவர், நாற்காலியைத் தள்ளி வச்சுட்டு மணல்லயே உக்காந்தார். நாலாம் நாள் பாதி ஊரு, அஞ்சாம் நாள் முழு ஊரு, பஸ் டிரைவர் கண்டக்டர் உள்பட. அன்னிக்குப் பேரு இடைவெளி விட்டு விட்டு வந்துச்சு, கடைசியில ஒத்தைப் பேரு, தனியா, ரொம்ப மெதுவா, மேகத்துக்குள்ள போச்சு. நிமிஷமும் முடிஞ்சுது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கல. அன்னிக்கு ராத்திரி ஊருல யாரும் தூங்கியிருக்க மாட்டாங்க.

நூத்திப் பத்தொம்பதாம் நாள். அன்னிக்குக் கரும்பலகையில நாலு மணிக்கு நேரே நான் ஒண்ணும் எழுதல. மூணு மணியிலேர்ந்து உக்காந்திருந்தோம். நாலு அடிச்சுது. ஒண்ணும் இல்ல. கடல் கடலா கெடந்துச்சு. பத்து விநாடி, இருபது விநாடி. பின்னால யாரோ விம்முனாங்க, பெர்னதெத் திரும்பாமலே கையை உசத்தி அமத்துனா. முப்பது. அவ நகம் என் மணிக்கட்டுல எறங்கிருச்சு. நாப்பதுல தண்ணிக்குள்ள ஒரு கறுப்புக் கோடு நெளிஞ்சுது. அது தலைமுடியாச்சு, நெத்தியாச்சு, பெரிய ரெண்டு கண்ணாச்சு. முழங்கால் தண்ணியில வந்து நின்னா ரெனிஷா, கறுப்புக் கோடு போட்ட ரெனிஷா, எங்களைப் பாத்து அசையாம.

எல்லாரும் எழுந்து ஓடியிருப்போம். பெர்னதெத், "யாரும் அசையாதீங்க, நிமிஷம் முடியல"ன்னா. அவளும் அசையல. நிமிஷம் முடிஞ்சா படத்துல உள்ளதெல்லாம் போயிரும், சைக்கிள் போச்சு, பூனை போச்சு, பேரெல்லாம் போச்சு, அது எங்க எல்லாருக்கும் தெரியும். அம்பத்தஞ்சு. அறுபது.

கோடு போச்சு. ரெனிஷா போகல. யூனிபார்ம்லேர்ந்து தண்ணி சொட்ட நின்னவ, பெருசா ஒரு தும்மல் போட்டுட்டு, "ஏம்மா எல்லாரும் இப்படி உக்காந்திருக்கீங்க?"ன்னு கேட்டா. பெர்னதெத் தண்ணிக்குள்ள போயி முதல்ல அவ முதுகுல பளார்னு ஒண்ணு வச்சா, அப்புறம் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, கூழக்கடாப் பறவை மாதிரி ஒரு சத்தம் போட்டு அழுதா, முப்பத்தி மூணு வருஷத்துக்கும் சேத்து. தலையைத் துவட்டுனா, கையக் காலத் தடவிப் பாத்தா, இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு வீட்டைப் பாத்து நடந்துட்டா, திரும்பிக்கூடப் பாக்கல.

நாங்க எழுந்திருக்கல. சாமியார் எழுந்திருக்கல, கித்தேரியம்மா எழுந்திருக்கல. பஸ் டிரைவர் எழப் பாத்தவரை கண்டக்டர் சட்டையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சார். இன்னும் ஏதாவது இருந்துட்டா என்ன செய்யிறதுன்னு பயம். இருட்டி, கொசு கடிக்க ஆரம்பிச்சு, கலங்கரை விளக்கு சுத்த ஆரம்பிச்சப்புறமும் ஊரே கடலைப் பாத்து உக்காந்திருந்தோம்.